புதிய மோட்டார் வண்டியும் நெடுஞ்சாலை நடுக்கமும்

கட்டை வண்டிக்கு இந்நோய் கிடையாது. இரும்புப் பட்டை பூட்டிய அதன் சக்கரம் எத்துணைக் கோணலாயிருப்பினும், மாடு நடக்கும் நடையில் அக்கோணல் வெளிப்படுவதில்லை. வெளிப்பட்டாலும் சாலையின் மேடு பள்ளங்களுக்கிடையே அதனைப் பிரித்தறிவார் யார்? வேகம் மிக்க வண்டிகள் தோன்றி, அவை ஓடத்தக்க வழுவழுப்பான சாலைகளும் தோன்றிய பின்னரே, சக்கரத்தின் சிறு குற்றமும் ஏறியிருப்போரின் கைக்கும் முதுகுக்கும் எட்டுவதாயிற்று. புதிதாக வாங்கிய காரிலேயே இந்நடுக்கம் காணப்படுமாயின் உடையவருக்கு உண்டாகும் மனக்கலக்கம் சிறிதன்று. பல்லாண்டுச் சேமிப்பைக் கொடுத்தோ, பல்லாண்டு கட்டித் தீர்க்கவேண்டிய வங்கிக் கடனைப் பெற்றோ வாங்கிய பொருள் அது. அன்றியும், அதில் ஏறிச் செல்வோர் அவர்தம் மனைவி மக்கள். ஆகவே, அந்நடுக்கம் அற்பமானதா ஆபத்தானதா, அதன் பிறப்பிடம் யாது, திருத்தித் தரக் கடமைப்பட்டவர் யார் என்பவற்றை அறியும் வழியை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

சென்னைக் கே.கே. நகரில் வாழும் ஒருவர் புதுக் கார் வாங்குகிறார் என்று கொள்வோம். அப்பகுதியிலேயே உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழியே ‘டி.என். 09’ என்று தொடங்கும் எண் அவ்வண்டிக்குக் கிடைக்கிறது. பி.டி. ராஜன் சாலையிலும், அசோக் பில்லர் அருகே செல்லும் நூறடிச் சாலையிலும் சில வாரம் ஓட்டுகிறார். அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்குமாகச் செல்லும் அவ்வோட்டத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுதல் அரிது, குற்றமொன்றும் தோன்றவில்லை. பின்பு ஒரு விடுமுறை நாளில் கத்திப்பாராவைக் கடந்து, ஜி.எஸ்.டி. சாலையிலே தாம்பரமும் வண்டலூரும் தாண்டி, செங்கற்பட்டுக்கு அப்பால் திண்டிவனம் நோக்கிச் செல்கிறார். 75ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் வளையம் கையில் மெல்ல நடுங்குகிறது. 90இல் நன்றாக நடுங்குகிறது. 100ஐ அடையும்போது, வியப்பினும் வியப்பாக, சற்றே தணிகிறது. திங்கட்கிழமை ஷோரூமுக்குச் சென்று முறையிடுகிறார். அங்குள்ள பணியாளர் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு சுற்றிவந்து, “ஒன்றுமில்லையே சார், புது வண்டி கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்” என்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் உணர்ந்தது 90இல். மற்றவர் ஓட்டிப் பார்த்தது 40இல். காய்ச்சல் இரவில் வருகிறதென்று சொன்னவனை நண்பகலில் வரவழைத்து நாடி பார்த்து அனுப்பினாற் போலாயிற்று.

40இல் இல்லாதது 90இல் எங்ஙனம் பிறக்கிறது? சுழலும் சக்கரத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தினும் சிறிது கனமாயிருந்தால், அக்கனம் சக்கரத்தை ஓயாது வெளிநோக்கி இழுக்கும். இவ்விழுப்பு வேகத்தின் மடங்காக வளர்வதன்று. வேகத்தின் வர்க்கமாக வளர்வது. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் உள்ள 15 அங்குலச் சக்கரத்தை எடுத்துக் கொள்வோம். டயரையும் சேர்த்து அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்குப் பதினான்கு முறை சுழலுகிறது. ரிம்மின் விளிம்பிலே 30 கிராம் எடை ஒரு பக்கம் மிகுதியாயிருந்தால், 50 கிலோமீட்டர் வேகத்தில் அவ்விழுப்பு ஒரு கிலோவுக்குச் சிறிது கூடுதலான பாரத்துக்குச் சமம். 100இலோ, ஏறத்தாழ நாலரைக் கிலோ. ஒரு பிடி அரிசியினும் குறைந்த எடை, வினாடிக்குப் பதினான்கு முறை, நாலரைக் கிலோச் சம்மட்டியாகி வண்டியின் அடிப்பாகத்தைத் தட்டுகிறது.

நிற்க. இழுப்பு வேகத்தோடு வளர்வதாயின், 90இல் மிக்கிருந்த நடுக்கம் 100இல் தணிவானேன்? இதற்கு விடை ஊஞ்சலில் இருக்கிறது. குழந்தையை வைத்து ஊஞ்சலாட்டுபவர், அது தம்மிடம் திரும்பும் ஒவ்வொரு முறையும் சிறிதே தள்ளுகிறார். ஊஞ்சல் உயர உயரப் போகிறது. அதன் தாளத்துக்கு முந்தியோ பிந்தியோ தள்ளினால், பலமாகத் தள்ளினாலும் அவ்வளவு ஆடுவதில்லை. காரின் சக்கரமும் அச்சும் ஒரு புறம் டயரின் காற்றுக்கும் மறுபுறம் ஸ்பிரிங்குக்கும் இடையே தொங்குவன. அவற்றுக்கும் இயல்பான ஆட்டத்தாளம் ஒன்றுண்டு. பெரும்பாலான கார்களில் அது வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து வரை. மேலே கண்ட கணக்கின்படி, சக்கரம் வினாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று முறை சுழல்வது 85க்கும் 90க்கும் அணித்தான வேகத்தில். சக்கரத்தின் தட்டலும் அச்சின் இயல்பான தாளமும் அங்கே ஒன்றிவிடுகின்றன. அதனைக் கடந்தால் தாளம் பிரிகிறது, நடுக்கம் தணிகிறது. ஆகவே, ஒரு குறித்த வேகத்தில் தோன்றி அதற்கு மேல் குறையும் நடுக்கம், ‘தானே சரியாய்ப் போகும்’ என்பதற்கு அறிகுறியன்று. குற்றம் பெரும்பாலும் சக்கரத்திலே உள்ளது என்பதற்கே அறிகுறி.

சக்கரத்தின் குற்றம் என்றவுடன் ‘வீல் பேலன்ஸிங்’ ஒன்றையே பலரும் நினைக்கின்றனர். ஷோரூமிலும் முதலில் அதனையே செய்து தருவர். ஆனால் குற்றங்கள் மூன்று வகைப்படும் என்பதை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது எடைக் குற்றம்; மேலே சொன்னது இதுவே. இரண்டாவது வடிவக் குற்றம்: சக்கரம் முற்றிலும் வட்டமாயில்லாமல் சிறிது முட்டை வடிவாயிருத்தல், அல்லது சுழலும்போது இடமும் வலமும் அசைதல். மூன்றாவது விறைப்புக் குற்றம்: டயர் எடையிலும் ஒத்திருக்கும், வடிவிலும் வட்டமாயிருக்கும்; ஆயினும் அதன் சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் வேறோரிடத்தில் நெகிழ்வாகவும் இருக்கும். குயவன் திரிகையில் வைத்த மண் நடுவிலே நின்று வட்டமாகச் சுழலக்கூடும். கை வைத்து அழுத்தும்போதுதான் உள்ளே ஒரு கட்டி இருப்பது விரலுக்குத் தெரியும். பேலன்ஸிங் இயந்திரமோ சக்கரத்தை அழுத்திப் பார்ப்பதில்லை. அந்தரத்திலே சுழற்றி எடையை மட்டும் பார்க்கிறது. அது பூச்சியம் காட்டினால் முதற் குற்றம் இல்லையென்றே பொருள். மற்ற இரண்டும் இல்லையென்பது பொருளன்று. ‘இயந்திரம் பூச்சியம் காட்டிவிட்டது, ஆகவே டயரில் பழுதில்லை’ என்னும் வாதம் இங்குதான் வழுக்குகிறது. இதன் பொருட்டே, உருளையொன்றைச் சக்கரத்தின்மேல் அழுத்தி, வண்டியின் பாரத்தைத் தாங்கினாற் போலச் சுழற்றிப் பார்க்கும் ‘ரோட் ஃபோர்ஸ்’ இயந்திரங்கள் ஏற்பட்டன. அவை எல்லாப் பட்டறையிலும் இருப்பனவல்ல. ஆயினும் இருமுறை பேலன்ஸ் செய்தும் நடுக்கம் போகாதவர் அதனைக் கேட்டுப் பெறுதல் நலம்.

டயர் ஏன் ஒரே சீராக அமைவதில்லை? அது ஓர் அச்சில் வார்த்தெடுத்த ரப்பர் வளையமன்று. 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காத்லாந்தியர் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அது வழக்கொழிந்துபோக, 1888இல் பெல்பாஸ்டு நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஜான் பாய்டு டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதனைப் புதிதாகவே கண்டார். அன்று அது துணியும் ரப்பர்க் குழாயுமாய் இருந்தது. இன்றைய ரேடியல் டயரிலோ, காற்றைக் காக்கும் உட்படலம், குறுக்கே ஓடும் இழைகள், அவற்றின்மேல் எஃகுக் கம்பிப் பட்டைகள், அதன்மேல் நைலான் உறை, கடைசியில் சாலையைத் தொடும் தடித்த ரப்பர் எனப் பல அடுக்குகள் உள்ளன. ஒவ்வோர் அடுக்கும் சுற்றி வந்து ஓரிடத்தில் முனையோடு முனை சேர்கிறது. அந்தச் சேர்க்கையிலே சிறிது மிகுதி குறைவு நேராமலிராது. குறித்த எல்லைக்குள் இருக்கும்வரை கம்பெனியார் அதனை ஏற்கின்றனர். டயரின் பக்கச் சுவரில் மஞ்சட் புள்ளியோ சிவப்புப் புள்ளியோ இருப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். மஞ்சள், எடை குறைந்த இடத்தைக் குறிப்பது. காற்றடைக்கும் வால்வுக்கு நேராக அதனை வைத்துப் பூட்டுவர். சிவப்பு, விறைப்பு மிக்க இடத்தைக் குறிப்பது. ரிம்மின் தாழ்ந்த இடத்தோடு அதனைப் பொருத்தினால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும். இங்கே ஒன்று சொல்லாமற் போக மனமில்லை. நம் சென்னை டயர்த் தொழிலுக்குப் பெயர் தேடித் தந்தவர்களுள் ஒருவரான கே.எம். மாம்மன் மாப்பிள்ளை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையிலே குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கி, அதிலிருந்தே எம்.ஆர்.எப். கம்பெனியை வளர்த்தவர்.

புது வண்டிக்கே உரிய காரணங்கள் இரண்டு உண்டு. இவற்றை முதலிற் பார்த்துவிட்டால் வீண் செலவும் வீண் சச்சரவும் குறையும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கார் உடனே வாங்குவோர் கைக்கு வருவதில்லை; திறந்த வெளி முற்றங்களில் பல நாள், சிலபோது பல மாதம், வெயிலில் நிற்கிறது. நின்ற இடத்திலே டயரின் அடிப்பக்கம் பாரத்தால் தட்டையாகிறது. பகலில் இளகிய நைலான் இழைகள் இரவில் குளிர்ந்து அத்தட்டை வடிவிலேயே இறுகுகின்றன. சில நாள் நின்றதாயின், இருபது முப்பது கிலோமீட்டர் ஓடி டயர் சூடேறியதும் தட்டை மறைந்து நடுக்கமும் மறையும். பல மாதம் நின்றதாயின் மறையாமலே போகவும் கூடும். ஆகவே தாம்பரத்தில் இருந்த நடுக்கம் மதுராந்தகத்தில் இல்லையா, அல்லது அங்கும் அப்படியே உள்ளதா என்று கவனிப்பது பயனுள்ள சோதனை. டயர் எப்பொழுது செய்யப்பட்டதென்பதையும் பக்கச் சுவரிலே காணலாம். நீண்ட எழுத்துக் கோவையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் உள்ளன: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

இரண்டாவது காரணம் காற்றழுத்தம். லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் செல்லும்போதும் முற்றத்தில் நிற்கும்போதும் தட்டையாகாமலிருக்க, புதுக் கார்களின் டயரில் காற்றை மிகுதியாக அடைத்தல் வழக்கம். ஒப்படைக்குமுன் அதனைக் குறைத்து அளவுபடுத்த வேண்டியது ஷோரூமின் கடமை; விழா, மாலை, இனிப்பு, புகைப்படம் ஆகியவற்றின் ஆரவாரத்தில் இது மறந்துபோவதும் உண்டு. அளவு மீறிய காற்றுடைய டயர் சாலையின் ஒவ்வொரு சிறு கல்லையும் முதுகுக்கு அறிவிக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கதவு நிலையில் ஒட்டிய சீட்டில் உரிய அளவு எழுதப்பட்டிருக்கும். சிறு கார்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 33 ராத்தலுக்கு அணித்தாயிருக்கும். காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது இதனை அளத்தல் வேண்டும். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைத்தால் நடுக்கம் போகுமென்று சொல்வாருமுளர். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அதனால் தீங்கில்லை, இந்நோய்க்கு மருந்துமன்று.

இனி, சோதிக்கும் முறை. நடுக்கம் எங்கே உணரப்படுகிறது என்பது முதற் கேள்வி. ஸ்டியரிங்கில் எனின் குற்றம் பெரும்பாலும் முன் சக்கரங்களில். இருக்கையிலும் தரையிலும் எனின் பின் சக்கரங்களில். சாலை மாறினால் நடுக்கமும் மாறுகிறதா என்பது அடுத்த கேள்வி. தார்ச் சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்குச் சென்றதும் எழும் இரைச்சல் சாலையினுடையது. மேம்பாலத்தின் இணைப்புகளில் ‘தட், தட்’ என்பதும் அவ்வாறே. இரண்டு சாலையிலும் ஒரே வேகத்தில் ஒரே விதமாய் வருவது வண்டியினுடையது. மூன்றாவது, எஞ்சினா சக்கரமா என்பது. அதே 90இல், ஒரு கியர் குறைத்துச் சிறிது தூரம் ஓட்டினால் எஞ்சினின் சுழற்சி மாறும், சக்கரத்தின் சுழற்சி மாறாது. நடுக்கம் அப்படியே நின்றால் எஞ்சின் குற்றவாளியன்று. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்தவுடன் நின்றால், சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டு செல்லும் தண்டினை ஐயுற வேண்டும். பிரேக் அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் பிரேக்கின் வட்டத்தகட்டை ஐயுற வேண்டும். மழையில் நெடுநாள் நின்ற வண்டியில் அத்தகட்டின்மேல் துருவின் தழும்பு படிந்திருப்பது புதுமையன்று.

இவையெல்லாம் ஓட்டுபவர் கையிலும் காலிலும் செய்யத்தக்கவை. ஆயினும், சாலை வெறிச்சோடியிருக்கும் அதிகாலையில், அறிவிப்புப் பலகையிற் கண்ட வேகத்துக்கு உட்பட்டு, பக்கத்தில் ஒருவர் அமர்ந்து குறிப்பெழுதச் செய்தல் வேண்டும். ஓட்டுபவரே எழுத முயலலாகாது.

பட்டறையிற் செய்யத்தக்க சோதனைகளுள் மிக எளியது சக்கரங்களை இடம் மாற்றுதல். முன் சக்கரங்களைப் பின்னும், பின் சக்கரங்களை முன்னுமாக மாற்றினால், ஸ்டியரிங்கிலிருந்த நடுக்கம் இருக்கைக்கு இடம் பெயர்கிறதா? பெயர்ந்தால் குற்றம் அச்சிலன்று, சக்கரத்திலே. இனி நான்கில் எதுவென்றறிய ‘ஸ்டெப்னி’ உதவும். (வேல்ஸ் நாட்டு லனெத்தி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்னும் தெருவில் 1904இல் உபரிச் சக்கரம் செய்து விற்றனர், அத்தெருவின் பெயர் நம்மூர்ப் பங்க்சர் கடைகளில் இன்றும் வழங்குகிறது.) ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி ஸ்டெப்னியைப் பூட்டி ஓட்டினால், எதனைக் கழற்றியபோது நடுக்கம் நின்றதோ அதுவே குற்றவாளி. ஆனால் இக்காலத்துக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி சிறியதாய், 80 கிலோமீட்டருக்கு மேற் செல்லலாகாதென்ற எச்சரிக்கையுடன் வருகிறது. அத்தகையதைக் கொண்டு இச்சோதனை செய்யலாகாது. எச்சோதனையிலும் ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றவேண்டும். பேலன்ஸிங், அலைன்மெண்ட், இடமாற்றம் மூன்றையும் ஒரே நாளிற் செய்து நடுக்கம் நின்றால், எதனால் நின்றதென்று எவரும் சொல்ல முடியாது. மீண்டும் வந்தால் தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியதுதான்.

வண்டி ஒரு பக்கம் இழுப்பது வேறு நோய், ஆனால் உடன்பிறந்தது. நம் சாலைகள் மழை நீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருத்தலின், இடப்புறம் செல்லும் கார் சிறிது இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பே. அதற்கு மேலும் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பார்க்கலாம் (ஒரு திசையிலேயே சுழல வேண்டுமென அம்புக்குறியிட்ட டயராயின் கூடாது). இழுப்பும் பக்கம் மாறினால் டயரே காரணம். மாறாவிடின் அலைன்மெண்டைத் திருத்த வேண்டும்.

மேற்கூறியவற்றுட் பல பொறுத்திருந்து பார்க்கத்தக்கவை. இரண்டு மட்டும் அங்ஙனமல்ல. பள்ளத்தில் வேகமாக இறங்கியபின் டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சங்காய் போன்ற புடைப்புத் தோன்றுமாயின், உள்ளிழைகள் அறுந்தனவென்றறிக. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டப்பட்ட ஆற்காடு சாலையில் மழைக்காலத்து ஓட்டியவர்களுக்கு அத்தகைய பள்ளங்களை வருணிக்க வேண்டுவதில்லை. மற்றொன்று, மணிக்கு இருபது கிலோமீட்டர் போன்ற குறைந்த வேகத்திலேயே வண்டி வாத்து நடையாக அசைதல். இது எஃகுப் பட்டை ரப்பரை விட்டுப் பிரியத் தொடங்கியதன் அடையாளமாயிருக்கலாம். இவ்விரண்டிலும், நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடித்துச் சிதறக்கூடும். அத்தகைய டயருடன் செங்கற்பட்டு வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று புறப்படலாகாது. தெருவிலேயே கழற்றி ஸ்டெப்னியைப் பூட்டிக் கொண்டு மெல்லப் பட்டறை சேர்தல் வேண்டும்.

ஷோரூமுக்குச் செல்லுமுன் சக்கரத்தின் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுக. சேறு ஒட்டி உலர்ந்திருப்பதும் நடுக்கத்துக்குக் காரணமாதல் உண்டு. ரிம்மில் ஒட்டியிருந்த ஈடு செய்யும் எடை விழுந்துபோன சுவடு தெரிகிறதா என்றும் பார்க்கலாம். அதன்பின் ஜாப் கார்டில் ‘கார் நடுங்குகிறது’ என்று எழுதி வாங்குவதிற் பயனில்லை. ‘மணிக்கு 80 முதல் 95 வரை, ஸ்டியரிங்கில், பிரேக் அழுத்தாதபோதும், 40 கிலோமீட்டர் ஓடியபின்பும், இருவகைச் சாலையிலும்’ என்று எழுதச் செய்ய வேண்டும். சோதிக்கும் பணியாளரை உடனழைத்துக்கொண்டு அந்த வேகம் கிடைக்கும் சாலைக்கே செல்ல வேண்டும். இரண்டு தெரு சுற்றி வருதலைச் சோதனையென்று ஒப்புக் கொள்ளற்க. பெரும்பாலான கார்களின் உத்தரவாதப் பத்திரத்தில் டயர் சேர்க்கப்படுவதில்லை. அதற்கு டயர்க் கம்பெனியாரே தனி உத்தரவாதம் தருகின்றனர். ஆதலால் ‘டயர் எங்கள் பொறுப்பன்று’ என்று ஒருவரும், ‘ரிம் எங்கள் பொறுப்பன்று’ என்று மற்றவரும் கைவிரிக்கக் கூடும். குற்றம் எதில் என்று இடமாற்றச் சோதனையால் முன்னரே கண்டிருந்தால் அவ்விருவருக்குமிடையே பந்தாக நேராது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை நாட நேர்ந்தால், பொருளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும் அதிகாரம் அவ்வாணையத்துக்கு உண்டு; அங்கே முதலிற் கேட்கப்படுவது இந்த ஜாப் கார்டுகளே. ஆகவே, ஒவ்வொரு முறையும் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் குறித்த நகலையும், பேலன்ஸிங் இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளையும் வாங்கி, வண்டியின் பதிவுப் பத்திரத்தோடு வைத்துக் கொள்க.